திருச்சுற்றத்தின் பெயர்களைச் சொல்லுங்கள்: பீட ஓவியங்களைக் காக்கும் காப்பாட்சியர்களுக்கு ஒரு திறந்த மடல்

பெருமதிப்பிற்குரிய காப்பாட்சியர்களுக்கு,

வணக்கம். ஃபிராங்ஃபர்ட், பிரசெல்ஸ், ஆம்ஸ்டர்டாம், கொலோன், டார்ம்ஸ்டாட் ஆகிய நகரங்களின் அருங்காட்சியகங்களிலும் ஐரோப்பாவின் வேறு பல கூடங்களிலும், 15ஆம் நூற்றாண்டிலும் 16ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் தேவாலயப் பீடங்களுக்காக வரையப்பட்ட ஒரு வகை மரப்பலகை ஓவியங்கள் தங்கள் பொறுப்பில் உள்ளன. நடுவே புனித அன்னம்மாள், அவருடைய மகள் மரியா, குழந்தை இயேசு. இருபுறமும் கைக்குழந்தைகளோடு அமர்ந்த வேறு இரண்டு தாய்மார். தரையில் விளையாடும் சிறுவர்கள். இவர்கள் எல்லோருக்கும் பின்னால், பெரும்பாலும் ஒரு தடுப்புச் சுவருக்கு அப்பால், ஒதுங்கி நிற்கும் ஆண்கள். கலை வரலாற்றில் திருச்சுற்றம் என்று வழங்கும் இந்த ஓவியங்களைக் குறித்து ஒரே ஒரு வேண்டுகோளை முன்வைக்கவே இம்மடலை எழுதுகிறேன்: இவற்றில் யார் யார் இருக்கிறார்கள், அவர்கள் ஏன் அங்கே தேவைப்பட்டார்கள், பின்னர் ஏன் திருச்சபையின் நினைவிலிருந்து மறைந்தார்கள் என்பதை ஓவியத்தின் அருகிலேயே பார்வையாளருக்குத் தெரியும்படி செய்யுங்கள்.

எந்த ஒரு கூடத்தையும் குறிப்பிட்டுக் குறை சொல்வது என் நோக்கம் அன்று. ஆனால் இத்தகைய ஓவியத்தின் முன் நிற்கும் ஒருவருக்கு ஓவியரின் பெயரும் ஆண்டும் மரத்தின் வகையும் மட்டும் சொல்லப்பட்டால், அவர் காண்பது குழந்தைகள் நிறைந்த ஓர் இனிய குடும்பப் படமாகவே இருக்கும். அவர் புன்னகைத்துவிட்டு அடுத்த அறைக்குப் போய்விடுவார். அது குடும்பப் படம் அன்று. அது ஒரு வாதம். பல நூற்றாண்டுகளாக இறையியலாளர்களுக்குத் தலைவலியாக இருந்த ஒரு கேள்விக்கு, உறவுமுறையைக் கொண்டு சொல்லப்பட்ட விடை அது.

அந்தக் கேள்வி நற்செய்தியிலேயே இருக்கிறது. மாற்கு நற்செய்தியின் ஆறாம் அதிகாரத்தில், நாசரேத்து ஊரார் இயேசுவின் சகோதரர்களாக யாக்கோபு, யோசே, யூதா, சீமோன் ஆகியோரின் பெயர்களைச் சொல்கிறார்கள். மரியா என்றும் கன்னியாகவே இருந்தார் என்று நம்பிய திருச்சபை, இந்தச் சகோதரர்களை என்ன செய்வது? கிழக்கத்திய மரபு, இவர்கள் மரியாவின் கணவர் சூசையப்பரின் முதல் மனைவிக்குப் பிறந்தவர்கள் என்றது. மேற்கில் புனித எரோணிமுஸ், 383ஆம் ஆண்டளவில் எல்விதியுஸ் என்பவரை மறுத்து எழுதியபோது, சூசையப்பரும் கன்னிமையைக் காத்தவரே என்றும், சகோதரர் எனப்பட்டவர்கள் மரியாவின் சகோதரி பெற்ற பிள்ளைகள் என்றும் வாதிட்டார். அக்காள் தங்கை பிள்ளைகள் தமக்குள் அண்ணன் தம்பிகளே என்று சொல்லி வளர்க்கப்பட்ட ஒரு தமிழருக்கு, இந்த விளக்கத்தில் வியக்க ஒன்றுமில்லை.

ஆனால் அந்தச் சகோதரி யார், அவருக்குப் பெற்றோர் யார் என்ற அடுத்த கேள்வி எழுந்தது. ஒன்பதாம் நூற்றாண்டில், ஒசேர் நகரத்து ஹைமோ என்னும் துறவியின் எழுத்துகளில் இதற்கு ஒரு முழுமையான விடை உருவாகியிருந்தது; 13ஆம் நூற்றாண்டில் வோராஜினே ஊரைச் சேர்ந்த யாக்கோபு தொகுத்த புனிதர் வரலாற்றுத் தொகுப்பின் வழியாக அது ஐரோப்பா முழுவதும் பரவியது. அதன்படி அன்னம்மாள் மூன்று முறை மணந்தவர். முதற்கணவர் சுவக்கின், அவர்களுடைய மகள் இயேசுவின் தாயான மரியா. சுவக்கின் இறந்தபின் சூசையப்பரின் சகோதரரான குளோப்பாவை மணந்தார்; அவர்களுக்குப் பிறந்த மகளுக்கும் மரியா என்றே பெயர். குளோப்பாவும் இறக்க, சலோமாஸ் என்பவரை மணந்து மூன்றாவது மகளைப் பெற்று, அவளுக்கும் மரியா என்றே பெயரிட்டார். மாற்கு நற்செய்தியில் இயேசு சிலுவையில் இறந்ததைத் தொலைவில் நின்று பார்த்த ஒரு பெண்ணின் பெயராக வரும் சலோமி, இந்தக் கதையில் எப்படியோ ஓர் ஆணுக்குரியதாகி, அன்னம்மாளின் மூன்றாம் கணவராக வடிவெடுத்துவிட்டது என்பதைக் கவனிக்க வேண்டும். கதையின் தையல் வெளியே தெரியும் இடம் அது.

இரண்டாம் மகளான மரியா குளோப்பா, அல்பேயுவை மணந்து சின்ன யாக்கோபு, நீதிமான் யோசேப்பு, சீமோன், யூதா ஆகிய நால்வரைப் பெற்றார். மூன்றாம் மகளான மரியா சலோமி, செபதேயுவை மணந்து பெரிய யாக்கோபையும் யோவானையும் பெற்றார். ஆக அன்னம்மாள், அவருடைய மூன்று கணவர்கள், மூன்று மகள்கள், மூன்று மருமகன்கள், ஏழு பேரப்பிள்ளைகள் என முழுச் சுற்றமும் 17 பேர். பேரப்பிள்ளைகளில் இயேசுவைத் தவிர்த்த அறுவரில் ஐவர் பின்னாளில் திருத்தூதர்கள். ஆறாமவரான யோசேப்பு, யூதாசு இஸ்காரியோத்தின் இடத்தை நிரப்பச் சீட்டுப் போட்டபோது மத்தியாவிடம் அந்த இடத்தை இழந்தவர். பாவம், ஓவியர்கள் அவரைக் கைவிடவில்லை. சில ஓவியங்களில் அன்னம்மாளின் சகோதரி எஸ்மேரியாவின் வழியாக எலிசபெத்தும் திருமுழுக்கு யோவானும் சேர்வார்கள். இன்னும் சிலவற்றில், அதே கிளையின் கடைசிக் கொழுந்தாக, நான்காம் நூற்றாண்டில் வாழ்ந்த மாஸ்ட்ரிக்ட் ஆயர் செர்வாசியுஸ்கூட, ஆயர் தொப்பி அணிந்த குழந்தையாக வந்து உட்கார்ந்திருப்பார். முந்நூறு ஆண்டு இடைவெளியைப் பற்றி அவருடைய பக்தர்கள் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை.

இந்த விவரம் தெரிந்த பின்னரே ஓவியத்தின் அமைப்பு நமக்குப் புரியத் தொடங்குகிறது. மத்தேயுவும் லூக்காவும் தரும் தலைமுறைப் பட்டியல்கள் இரண்டும் சூசையப்பரை வைத்தே இயேசுவைத் தாவீதோடு இணைக்கின்றன. ஆனால் திருச்சபையின் நம்பிக்கைப்படி இயேசுவுக்கும் சூசையப்பருக்கும் இரத்த உறவு இல்லை. திருச்சுற்ற ஓவியமோ பாட்டியிலிருந்து தொடங்குகிறது. இயேசு எடுத்த மனித உடல் மரியாவிடமிருந்து வந்தது, மரியாவின் உடல் அன்னம்மாளிடமிருந்து வந்தது என்பதே அதன் கணக்கு. அதனால்தான் தாய்மார் நடுவிலும் முன்னாலும் வீற்றிருக்க, ஆண்கள் சுவருக்குப் பின்னால் நிற்கிறார்கள். 1476இல் திருத்தந்தை நான்காம் சிக்ஸ்துஸ் மரியா பாவக் கறையின்றிக் கருவானதைக் கொண்டாடும் அமல உற்பவத் திருவிழாவுக்கு ஒப்புதல் அளித்த காலத்தை ஒட்டி, மரியாவைக் கருத்தாங்கிய அன்னம்மாளின் மேல் பக்தி பெருகியதும், அவர் பெயரில் ஊர்தோறும் பக்தசபைகள் தோன்றியதும் தற்செயல் அல்ல. ஆண்வழிக் குலமரபை உயிராகக் கருதிய ஒரு சமூகம், தன் பீடத்தின் மேல் ஒரு பெண்வழிக் குலமரத்தை வைத்து வணங்கியிருக்கிறது. இதைப் பார்வையாளரிடம் சொல்லாமல் விடுவது, இந்த ஓவியங்களில் இருக்கும் மிகப் பெரிய வியப்பை மறைப்பதாகும்.

எடுத்துக்காட்டாக, ஃபிராங்ஃபர்ட் ஸ்டேடல் அருங்காட்சியகத்திலுள்ள டோர்காவ் பீட ஓவியத்தைக் கொள்கிறேன். மூத்த லூக்காஸ் கிரானாஹ் 1509இல் வரைந்த இந்த மூன்று பலகை ஓவியத்தில், நடுப்பலகையில் அன்னம்மாளும் மரியாவும் குழந்தையும் இருக்க, மேலே ஒரு மாடத்தில் அன்னம்மாளின் கணவர்கள் மூவரும் காட்டப்பட்டுள்ளனர். பக்கக் கதவுகளின் உட்புறத்தில் மற்ற இரண்டு மரியாக்களும் தத்தம் கணவர் பிள்ளைகளோடு இருக்கிறார்கள். ஆனால் இடப்பக்கத்து அல்பேயுவின் முகம் சாக்சனியின் ஆட்சியாளரும், பேரரசரைத் தேர்ந்தெடுக்கும் உரிமை பெற்ற தேர்வுக்கோமகனுமான பிரெடெரிக்கின் முகம். வலப்பக்கத்துச் செபதேயுவின் முகம் அவருடைய தம்பி யோகானின் முகம். மாடத்தில் இருப்பவர்களில் ஒருவருக்குப் பேரரசர் முதலாம் மாக்சிமிலியனின் சாயல். ஆட்சியாளர்கள் ஓவியத்தின் ஓரத்தில் முழந்தாளிட்டு வேண்டும் கொடையாளர்களாக வரவில்லை. அவர்கள் கடவுளின் உறவினர்களாகவே உள்ளே நுழைந்துவிட்டார்கள்.

பிரெடெரிக் தம் வாழ்நாளில் முறைப்படி திருமணம் செய்துகொள்ளாதவர் என்பதை இங்கே நினைத்துப் பார்க்க வேண்டும். மணமாகாத ஓர் ஆட்சியாளர், இயேசுவின் சித்தியை மணந்தவராகவும், மூன்று திருத்தூதர்களுக்குத் தந்தையாகவும் ஒரு பீடத்தின் மேல் வரையப்படுகிறார். அன்னம்மாளோடு அவருக்கிருந்த பற்று ஓவியத்தோடு நின்றுவிடவும் இல்லை. 1493இல் எருசலேம் திருப்பயணம் சென்று ரோட்ஸ் தீவு வழியாகத் திரும்பியபோது, அன்னம்மாளின் கட்டைவிரல் என்று நம்பப்பட்ட ஒரு திருப்பண்டத்தைப் பெற்று வந்து, விட்டன்பெர்க்கில் தாம் சேர்த்த திருப்பண்டத் தொகுப்பில் வைத்தார். டோர்காவ் ஓவியம் வரையப்பட்ட அதே 1509ஆம் ஆண்டில் அந்தத் தொகுப்பின் பட்டியல் அச்சாயிற்று; அதில் கணக்கிடப்பட்ட திருப்பண்டத் துணுக்குகள் 5005; அதற்கான மர அச்சுப் படங்களைச் செய்து கொடுத்தவரும் கிரானாஹ்தான். ஒரே ஆண்டில், ஒரே அரசவையில், ஒரே ஓவியரின் கையால், ஒரு புனிதையின் விரலும் குலமும் ஓர் அரச குடும்பத்தின் உடைமைகளாகப் பதிவு பெற்றிருக்கின்றன. இந்த இரண்டையும் இணைத்துச் சொல்லாத எந்த விளக்கமும் டோர்காவ் ஓவியத்துக்குப் பாதி விளக்கமே.

அதற்குப் பின் நடந்ததை யாவரும் அறிவர். 1505ஆம் ஆண்டு ஜூலையில் இடிமின்னலுக்கு அஞ்சி, அன்னம்மாளை அழைத்து, துறவியாவதாக நேர்ந்துகொண்ட மார்ட்டின் லூதர் என்னும் இளைஞர், பிரெடெரிக்கின் விட்டன்பெர்க்கிலிருந்தே பின்னர் இந்தத் திருப்பண்டப் பண்பாட்டின் அடித்தளத்தை அசைத்தார். பிரெடெரிக் அவருக்குப் புகலிடம் அளித்தார். கிரானாஹ் அவருடைய நண்பரானார். 1525இல் லூதரின் திருமணத்துக்குச் சாட்சியாகவும் நின்றார். டோர்காவ் ஓவியம், அந்தப் பெரும் உடைவுக்கு முன், அதை நிகழ்த்தப்போகும் மனிதர்கள் தாம் நம்பியதை எவ்வளவு மும்முரமாக நம்பினார்கள் என்பதற்குச் சான்று.

ஆனால் அன்னம்மாளின் மூன்று திருமணங்களைக் கேள்விக்கு உள்ளாக்கியது சீர்திருத்த இயக்கம் மட்டும் அன்று. கத்தோலிக்க அறிஞர்களே முந்திக்கொண்டார்கள். 1518இல் பிரெஞ்சு அறிஞர் லெஃபெவ்ர் தெத்தாப்ல், அன்னம்மாளுக்கு ஒரே கணவரும் ஒரே மகளும்தான் என்று எழுதினார். அடுத்த ஆண்டு மெட்ஸ் நகரில் கொர்னேலியுஸ் அக்ரிப்பா அவருக்கு ஆதரவாக நின்று அந்நகரத்துத் துறவியரோடு மோதினார். 1563இல் கத்தோலிக்கத் திருச்சபையின் திரெந்துப் பொதுச்சங்கம், பொய்யான போதனையைத் தரும் படங்களைத் தேவாலயங்களில் வைக்கக் கூடாது என்று தீர்மானித்தபின், திருச்சுற்ற ஓவியங்களைப் புதிதாக வரையச் சொல்வாரின்றிப் போயிற்று. அன்னம்மாள் மட்டும் மறையவில்லை. 1584இல் திருத்தந்தை பதின்மூன்றாம் கிரகோரி அவருடைய திருவிழாவைத் திருச்சபை முழுமைக்கும் உரியதாக்கினார். இலங்கையின் கல்பிட்டித் தீபகற்பத்திலுள்ள தலவிலவில் திருவிழாவுக்குக் கூடும் தமிழரும் சிங்களவரும் இன்றும் வேண்டிக்கொள்வது அதே அன்னம்மாளைத்தான். ஆனால் அவர்கள் அறிந்த அன்னம்மாளுக்கு மகள் ஒருத்தியே. மற்ற இரண்டு மகள்களும் இரண்டு கணவர்களும் இப்போது வாழ்வது தங்கள் சுவர்களில் மட்டுமே. அவர்களுடைய பெயர்களைச் சொல்லும் கடமை வேறு யாருக்கும் இல்லை என்பதால்தான் தங்களுக்கு எழுதுகிறேன்.

பிரசெல்ஸ் அரச நுண்கலை அருங்காட்சியகத்திலுள்ள குவென்டின் மாசைசின் பீட ஓவியம் எனக்கு இதில் இன்னொரு பாடத்தைக் கற்பித்தது. லூவன் நகரத்துப் புனித பேதுரு தேவாலயத்தில் அன்னம்மாள் பக்தசபையார் தம் பீடத்துக்கென்று வரையச் சொன்ன இதுவும் 1509 என்று ஆண்டு குறிக்கப்பட்டதே. நடுப்பலகை இரண்டு மீட்டருக்கும் மேற்பட்ட உயரமும் அகலமும் கொண்டது. கிரானாஹ் அன்னம்மாளின் கணவர் மூவரையும் மாடத்தில் ஏற்றிக் காட்ட, மாசைஸ் தம் வளைவு மண்டபத்தின் தடுப்புக்குப் பின்னால் நால்வரையே நிறுத்தினார்: சுவக்கின், சூசையப்பர், அல்பேயு, செபதேயு. குளோப்பாவும் சலோமாசும் இல்லை. மூன்று மகள்கள் இருக்கிறார்கள், இரண்டு தந்தையர் காணவில்லை! மூன்று திருமணங்களைப் பற்றிய கூச்சம் இறையியலாளரின் ஏட்டுக்கு வருமுன்பே பீடத்தின் மேல் வந்துவிட்டதோ என்று எனக்குத் தோன்றுவதுண்டு. அது என் ஊகமே, ஆயினும் பெயர்ப்பட்டியல் கையில் இல்லாத பார்வையாளர் ஒருவருக்கு இப்படி ஊகிக்கும் வாய்ப்புக்கூட இராது.

மாசைசின் ஓவியத்தில் கதவுகளின் வெளிப்புறமும் முக்கியமானது. கதவுகள் மூடியிருக்கும்போது தெரிவன, சுவக்கினும் அன்னம்மாளும் காணிக்கை கொடுப்பதும், பிள்ளையில்லாதவர் என்று சொல்லிக் கோயில் குரு சுவக்கினின் காணிக்கையைத் தள்ளுவதும். கதவுகள் திறந்தால் உட்புறத்தில் சுவக்கினுக்கு வானதூதர் சொன்ன செய்தி ஒரு பக்கம், அன்னம்மாளின் மரணம் மறுபக்கம், நடுவில் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் நிறைந்த சுற்றம். இத்தகைய ஓவியங்கள் சாதாரண நாள்களில் மூடப்பட்டிருந்து, ஞாயிற்றுக்கிழமைகளிலும் திருவிழாக்களிலும் திறக்கப்பட்டவை. அதாவது லூவன் மக்கள் வாரம் முழுவதும் பிள்ளையில்லாதவரின் அவமானத்தைப் பார்த்துவிட்டு, திருநாளில் கதவு திறந்ததும் அந்தச் சுற்றத்தைக் கண்டார்கள். பிள்ளை வரம் வேண்டி விளக்கேற்றும் பெண்கள் உள்ள எந்த ஊராருக்கும் அந்தத் திறப்பின் பொருளை விளக்க வேண்டியதில்லை. கதவுகளை எப்போதும் விரித்தே வைத்திருந்தால் இந்த நாடகம் நடப்பதே இல்லை.

பழைய மரமும் கீலும் அடிக்கடி அசைக்கத் தக்கவை அல்ல என்பதை அறிவேன். ஈரப்பதம் சற்றே மாறினாலும் பலகை வளைந்து வண்ணம் உதிரும் என்பதையும் அறிவேன். ஆகவே கதவுகளை நாள்தோறும் மூடித் திறக்கும்படி கேட்கவில்லை. பார்வையாளர் சுற்றி வந்து பின்புறத்தையும் காணும்படி, சுவரை விட்டு விலக்கி நிறுத்துங்கள். அதற்கு இடமில்லையென்றால் வெளிப்புறத்தின் முழு அளவு நிழற்படத்தையாவது அருகில் வையுங்கள். இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் தெரிய வேண்டும் என்பதற்காக, 1894இல் பெர்லினில், கென்ட் பீட ஓவியத்தின் கதவுப் பலகைகளை அவற்றின் தடிமன் வழியே இரண்டாக அறுத்துப் பிரித்தார்களே, அந்த அளவுக்கு யாரும் போக வேண்டாம்.

பெயர்களைப் பொறுத்தவரை நான் கேட்பது நீண்ட கட்டுரை அன்று. ஓவியத்தின் கோட்டு வரைபடம் ஒன்று, ஒவ்வோர் உருவத்தின் மேலும் ஓர் எண், கீழே பெயரும் உறவுமுறையும், அவ்வளவுதான். விளக்கம் மிகுந்தால் பார்வையாளரின் கண் ஓவியத்தை விட்டு அட்டைக்குப் போய்விடும் என்ற வாதத்தை நான் மதிக்கிறேன். ஆனால் இந்த ஓவியங்களைச் செய்தவர்களே அப்படி நினைக்கவில்லை. பழைய ஜெர்மானியப் பலகைகள் பலவற்றில் ஒளிவட்டத்துக்குள்ளேயே பெயர்கள் எழுதப்பட்டுள்ளன. திருப்பலிக்கு வந்த, அந்தக் கதைகளைக் கேட்டே வளர்ந்த மக்களுக்கே அவர்கள் பெயர் எழுதிக் காட்டினார்கள் என்றால், ஐந்நூறு ஆண்டு கழித்து வேறு கண்டங்களிலிருந்து வரும் எங்களுக்கு அது மிகையாகாது.

ஆம்ஸ்டர்டாம் ரெய்க்ஸ் அருங்காட்சியகத்தில் உள்ள, கெர்ட்கன் டொட் சின்ட் யான்ஸ் என்னும் ஓவியரின் வட்டத்தைச் சேர்ந்த, 1495ஆம் ஆண்டளவில் வரையப்பட்ட பலகையைக் காட்டி இதை வலியுறுத்துகிறேன். அதில் சுற்றத்தார் எல்லோரும் ஒரு தேவாலயத்துக்குள்ளேயே அமர்ந்திருக்கிறார்கள். பின்னாலுள்ள பீடத்தின் மேல் ஆபிரகாம் ஈசாக்கைப் பலியிடப்போகும் சிற்பம். தரையின் நடுவே மூன்று சிறுவர்கள் விளையாடுகிறார்கள்: ஒருவனிடம் சிறு மரப்பீப்பாய், ஒருவனிடம் கிண்ணம், ஒருவனிடம் இரம்பம். பெயர் தெரியாதவருக்கு இவை விளையாட்டுச் சாமான்கள். இரம்பத்தை வைத்திருப்பவன் சீமோன், கிண்ணத்தை வைத்திருப்பவன் யோவான், பீப்பாயை வைத்திருப்பவன் பெரிய யாக்கோபு என்று தெரிந்தவருக்கோ, பின்னாளில் மரபு சீமோனை இரம்பத்தால் அறுத்துக் கொன்றதும், யோவானுக்கு நஞ்சுக் கிண்ணத்தை நீட்டியதும் நினைவுக்கு வரும். அவர்களுடைய தாய்மார் பக்கத்திலேயே அமைதியாக இருக்கிறார்கள். ஓவியர் பார்வையாளரின் அறிவை நம்பியே அந்த இரம்பத்தை அங்கே வைத்தார். அந்த அறிவு இன்று இல்லாதபோது, அதைத் திரும்பக் கொடுக்காமல் ஓவியத்தை மட்டும் காட்டுவது எப்படி முழுமையாகும்?

அன்னம்மாளின் திருவிழா ஜூலை 26ஆம் நாள். அந்த நாளை ஒட்டியேனும், தங்கள் கூடங்களிலுள்ள திருச்சுற்ற ஓவியங்களுக்கு இந்தக் கோட்டு வரைபடங்களை வைக்கத் தொடங்குமாறும், அவற்றை இணையத்தில் பல மொழிகளில் பதிப்பிக்கும்போது தமிழ்க் கத்தோலிக்கரிடையே வழங்கும் பெயர் வடிவங்களையும் சேர்த்துக்கொள்ளுமாறும் பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

மிகுந்த மரியாதையுடன்,
தங்கள் கூடங்களின் தமிழ்ப் பார்வையாளர் ஒருவர்